எதையும் திறக்காத சாவி

“டீச்சர், என் நாடகத்தப் பாத்து ஒருத்தர்கூட அழலையே” என்றார் இன்னாசிமுத்து.

அப்பனும் மகனும் பற்றிய நாடகம். எழுதியவரும் அவர்தான், அப்பா வேடம் கட்டுபவரும் அவர்தான். நாடகம் சொல்லிக்கொடுக்கும் கனகவல்லி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவர் முன்னால் இன்னாசிமுத்து கைகட்டித்தான் நிற்பார்.

கனகவல்லி மேடையைச் சுற்றிப் பார்த்தார்.

“நின்னுபோன கடிகாரம் எதுக்கு?”

“அப்பன் மகன் உறவு அங்கேயே நின்னுபோச்சுன்னு காட்ட.”

“குடை?”

“அப்பாவோட பாசம்.”

“கிழிஞ்சிருக்கே.”

“அதான் டீச்சர் விஷயமே.”

இன்னாசிமுத்துவுக்குக் குறியீடு என்றால் கொள்ளைப் பிரியம். கனகவல்லி இரண்டையும் தூக்கி ஓரமாக வைத்தார்.

மிச்சம் இருந்தது கடைசிக் காட்சிக்கான சாவி. கோபித்துப் போன மகன் திரும்பி வருவான். அப்பா அதை அவன் கையில் கொடுப்பார். திரை விழும்.

“இது எந்தப் பூட்டத் திறக்கும்?”

“எதையும் திறக்காது. அட்டையில செஞ்சது. குறியீடுதானே டீச்சர்.”

“உங்க வீட்டுச் சாவி இருக்கா?”

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

“புதுசா இருக்கே.”

“பூட்ட மாத்துனேன்.”

எப்போது என்று கனகவல்லி கேட்கவில்லை. மகன் அருளப்பன் சண்டை போட்டுக் கிளம்பிய மறுநாளே அவர் பூட்டை மாற்றியது ஊருக்கே தெரியும்.

கனகவல்லி எதிரே வந்து நின்று உள்ளங்கையை நீட்டினார்.

“நான்தான் மகன். வந்திருக்கேன். குடுங்க.”

வீட்டுச் சாவியோடு இன்னாசிமுத்துவின் கை முன்னால் போனது. விரல்கள் விரியவில்லை. வசனம் மறந்துபோனது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“முடியல டீச்சர்.”

“ஏன்?”

“இது ஒண்ணுதான் இருக்கு. பூட்டோட வந்த மத்த சாவியெல்லாம் அன்னைக்கே கெணத்துல எறிஞ்சிட்டேன்.”

கனகவல்லி நீட்டிய கையை மடக்கவில்லை.

இன்னாசிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே சாவி போடும் கடை. சாவியை வாங்கிப் பார்த்த கடைக்காரர் அரத்தை எடுத்தபடி கேட்டார்:

“இன்னொண்ணு தொலைஞ்சுபோச்சாண்ணே?”

“இல்ல தம்பி. என் பையன் திருப்பூர்ல இருக்கான், கொண்டுபோய்க் குடுக்கணும். கொஞ்சம் சீக்கிரம் ராவுங்க, பஸ் கெளம்பிரும்.”