மூன்று சொல் கட்டம்

தாமரைக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் விழுந்து கிடந்தது. அதுதான் அந்தக் காட்டின் செய்திப் பலகை. மிருகங்கள் சேதி சொல்லும். மரங்கொத்தி அதை மரத்தில் கொத்தி வைக்கும். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள்.

எதற்கு எவ்வளவு இடம் என்று கட்டம் போடும் பொறுப்பு செவ்வாலன் என்ற நரிக்குக் கிடைத்தது. அதற்குத் தன் வாலைப் பற்றி அப்படியொரு பெருமை!

"பெயர்க் கட்டத்தில் இருபது சொல் கொள்ள வேண்டும். செய்திக் கட்டத்துக்கு மூன்று சொல் போதும்!" என்றது நரி.

"பெயருக்கு எதற்கு அத்தனை இடம்?" என்று கேட்டது ஆமை.

"காட்டின் கண்மணி, அறிவின் ஊற்று, வாலழகில் வல்லவன், செவ்வாலன் என்று என் பெயரை எழுத வேண்டாமா?"

"சேதி நீளமாக இருந்தால்?"

"மீதியை வெட்டு! சுருங்கச் சொன்னால்தான் அழகு!"

மரங்கொத்தி தலையை ஆட்டியது. அதற்கும் வேலை மிச்சம்தானே! மூன்றாவது சொல் காதில் விழுந்ததும் கொத்தத் தொடங்கிவிடும். அந்தச் சத்தத்தில் மீதி எதுவும் அதற்குக் கேட்காது.

மறுநாள் முயல் வந்து சொன்னது: "மாமரத்தில் தேன் இருக்கிறது, கூடவே கோபக்காரத் தேனீக்களும் இருக்கின்றன!"

பலகையில் ஏறியது இவ்வளவுதான்: 'மாமரத்தில் தேன் இருக்கிறது.'

கரடி அதைப் படித்துவிட்டு ஓடியது. திரும்பி வந்தபோது அதன் மூக்கு பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"கட்டத்தைப் பெரிதாக்குங்கள் ஐயா!" என்று கரடி அழுதது.

"மூக்கைச் சின்னதாக்கு!" என்று சொல்லிவிட்டு நரி விழுந்து விழுந்து சிரித்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

இரண்டு நாள் கழித்துக் கொக்கு அலறிக்கொண்டு வந்தது.

"கிழக்குக் கரையில் பாறை போலக் கிடப்பது முதலை! எழுது, சீக்கிரம் எழுது!"

சொல்லிவிட்டுக் குஞ்சுகளைப் பார்க்கப் பறந்துவிட்டது. மரங்கொத்தி வழக்கம்போல டொக் டொக்கென்று கொத்தியது: 'கிழக்குக் கரையில் பாறை.'

சிறிது நேரத்தில் நரி குளித்துவிட்டு வந்தது. முதலில் தன் பெயரை இரண்டு முறை படித்தது. பிறகுதான் புதுச் செய்தியைப் பார்த்தது.

"அட, பாறையா! வாலைக் காயவைக்க நல்ல இடம்!"

ஓடிப்போய்ப் பாறைமேல் சொகுசாக உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டது. பாறை மெல்லக் கண் திறந்தது.

நறுக்!

"ஐயோ, என் வால்!"

"கொஞ்சம் நீளமாக இருந்தது. மீதியை வெட்டிவிட்டேன்!" என்றது முதலை.

உயிர் பிழைத்ததே பெரிய காரியம். பாதி வாலோடு நரி பலகைக்கு ஓடி வந்தது. அந்த நேரத்தில்தான் மான்கள் குட்டிகளோடு கிழக்குக் கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"எழுது மரங்கொத்தி! முதலை என் வாலைக் கடித்துவிட்டது, யாரும் கிழக்குக் கரைக்குப் போகாதீர்கள்!"

மரங்கொத்தி கொத்தியது: 'முதலை என் வாலை.' அத்தோடு நின்றுவிட்டது.

"மீதி எங்கே?" என்று நரி கத்தியது.

"கட்டம் முடிந்துவிட்டது. நீங்கள் போட்ட அளவுதானே ஐயா!"

மான்கள் படித்துப் பார்த்தன. "முதலை உன் வாலை என்ன செய்தது? வாழ்த்தியதா? வாயால் சொன்னால் போதாது, பலகையில் இருந்தால்தான் நம்புவோம்!" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கின.

நரிக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டென்று பெயர்க் கட்டத்தின் மேல் பாய்ந்தது. கண்மணி, ஊற்று, வல்லவன் எல்லாவற்றையும் தன் நகத்தாலேயே சுரண்டி எறிந்தது.

"இங்கே இடம் இருக்கிறது! முழுதாக எழுது!"

மரங்கொத்தி முழுதாகக் கொத்தியது. மான்கள் படித்தன, பதறிக் குட்டிகளோடு திரும்பி ஓடின.

அன்று முதல் அந்தப் பலகையில் பெயருக்கு ஒரு சொல், செய்திக்கு மரத்தின் மீதி நீளம் முழுவதும். கரடி மட்டும் நரியைப் பார்க்கும்போதெல்லாம், "சுருங்க இருந்தால்தான் அழகு, இல்லையா ஐயா?" என்று அதன் வாலைக் காட்டிக் கேட்கும்.

சேதியைப் பார்த்துத்தான் கட்டம் போட வேண்டும். கட்டத்துக்காகச் சேதியை வெட்டினால், வெட்டு ஒருநாள் நம் வாலுக்கே வரும்.