அர்த்தநாரி சுட்ட ஆறு தோட்டாக்கள்

அர்த்தநாரி ரிவால்வர் வாங்கிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு முறைகூடச் சுட்டதில்லை. தன் கோழிப்பண்ணைக்குப் போகும் பாதையில் ஒரு வழிப்பறி நடந்ததைச் சொல்லி லைசென்ஸ் எடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாதையில் எதுவும் நடக்கவில்லை. ரிவால்வர் பீரோவில் கிடந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் ஒருநாள் காலை அதை எடுத்துக்கொண்டு ரைபிள் கிளப்புக்கு வந்தார். ஊருக்கு வெளியே, ஒரு சிறு மலைக்கரட்டின் அடிவாரத்தில் இருந்தது அது. அங்கே பயிற்சி கொடுப்பவள் பிலோமினா. வயது முப்பத்தாறு. மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். அதிகம் பேசமாட்டாள்.

"இருபது நாள்ல எனக்குச் சுடக் கத்துக் குடுக்கணுமுங்க, டீச்சர்."

"ஏன் இருபது நாள்?"

"அவ்வளவுதான் நேரமிருக்கு."

பிலோமினா ரிவால்வரை வாங்கினாள். சிலிண்டரைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஆறு தோட்டாக்கள் விழுந்தன. பித்தளையில் பச்சை பூத்திருந்தது.

"இது எப்பப் போட்டது?"

"வாங்குன அன்னைக்கு. ஆபத்து சொல்லிட்டா வரும்?"

"வந்திருந்தா இது வெடிச்சிருக்கும்னு சொல்ல முடியாது."

அந்த ஆறையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு அலமாரியிலிருந்து வேறொரு ரிவால்வரை எடுத்து மேஜையில் வைத்தாள். சின்ன ரகம், பாயிண்ட் இருபத்திரண்டு. தோட்டா சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லை.

அர்த்தநாரியின் முகம் சுருங்கியது.

"இது பள்ளிக்கூடத்துப் புள்ளைக சுடறதுங்க. நான் கொண்டாந்தது முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு உதைக்கும். தப்பு செஞ்சா துப்பாக்கி மேல பழியைப் போடுவீங்க. இதுல உதை கிடையாது. தப்பு உங்களோடதுன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் சுட்டார். பத்து மீட்டரில் அட்டை. ஐந்து தோட்டாக்கள் அட்டைக்குக் கீழே மண்ணில் போயின. ஒன்று மட்டும் ஓரத்தைக் கிழித்தது.

"துப்பாக்கி சரியில்லீங்க."

பிலோமினா அதே துப்பாக்கியை வாங்கி ஆறு முறை சுட்டாள். நடுவட்டத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் தினமும் வந்தார். ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போது கார் நிற்கும். யாரோடும் பேசமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு சுடுவார். பக்கத்தில் யாராவது சிரித்தால் திரும்பி முறைப்பார். ஒருமுறை தோட்டா தப்பியதும் அட்டையைப் பிய்த்துக் கசக்கி எறிந்தார்.

"எடுங்க" என்றாள் பிலோமினா.

"ஆளுங்க எடுப்பாங்க."

"நீங்க எறிஞ்சீங்க. நீங்க எடுங்க."

அவர் காது சிவந்தது. குனிந்து எடுத்தார்.

எட்டாம் நாள் அவருடைய முப்பத்திரண்டைக் கொடுத்தாள். தோட்டாக்களை அவளே, அவருக்கு முதுகைக் காட்டியபடி போட்டாள். அவர் சுட்டார். வெடித்தது. மறுபடி விசையை அழுத்தினார். க்ளிக் என்று மட்டும் கேட்டது. ஆனால் துப்பாக்கியின் முனை வெடுக்கென்று தரையை நோக்கிக் குதித்தது.

"வெடிக்கலீங்க" என்றார்.

"அது சுட்டு முடிச்ச காலி உறை. நான்தான் நடுவுல வச்சேன். முனை எங்க போச்சு?"

அவர் பார்த்தார். முனை அவருடைய கால் கட்டைவிரலுக்கு ஓரடி முன்னால் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"வெடிக்குமோங்கற பயத்துல, வெடிக்காததுக்கே கை இப்படிக் குதிக்குது" என்றாள்.

அர்த்தநாரி ரிவால்வரைக் கீழே வைத்தார். பிறகு மேஜையில் இருந்த இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்றில் தலை தட்டையான தோட்டாக்கள். அவை அட்டையில் பஞ்ச் வைத்ததுபோல் வட்டமாக வெட்டும். போட்டிக்கு அதுதான். மற்றதில் மூக்கு உருண்ட தோட்டாக்கள்.

"ஆளுக்கு எதுங்க?"

பிலோமினா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"எந்த ஆளுக்கு?"

"திருடனுக்குத்தானுங்க. கையில வச்சுட்டுப் போறப்ப."

"திருடனுக்குப் பேர் இருக்கா?"

 அவர் தாடை மட்டும் அசைந்தது.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. இருபதாம் நாள் அன்னைக்கு என்ன?"

"குழந்தைவேலு ஊட்டுல கல்யாணம்" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு அடக்க முடியவில்லை. "எம் பங்காளி. எம் பொண்ணு நிச்சயத்துல முந்நூறு பேரு முன்னால செருப்பைக் கழட்டி எம் மூஞ்சில அடிச்சான். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்துட்டு நின்னாங்க. எம் பொண்ணு பாத்துட்டு நின்னா. அதே மண்டபத்துல அவன் பையனுக்குக் கல்யாணமாம். அதே மேடையில. நான் போவேன். கூப்பிடாட்டியும் போவேன்."

பிலோமினா எழுந்தாள். அவருடைய ரிவால்வரை எடுத்து, முதுகைக் காட்டியபடி சிலிண்டரை நிரப்பி மூடி, அவர் கையில் கொடுத்தாள். புதிதாக ஓர் அட்டை மாட்டினாள்.

"அவர் அங்க நிக்கிறாரு. மனசுல இருக்கறதைச் சொல்லிட்டே சுடுங்க."

"நெசமாவா?"

"சுடுங்க."

அவர் கையை நீட்டினார்.

"முந்நூறு பேரு முன்னால."

க்ளிக். முனை குதித்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்தது" என்றாள் அவள்.

"எம் பொண்ணு பாத்துட்டு நின்னாளேடா."

க்ளிக்.

"செருப்பால. செருப்பால அடிச்சியே."

க்ளிக். இப்போது அவர் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஒரு கெணத்துத் தண்ணிக்காக மனுசனை அடிப்பாங்களா?"

க்ளிக்.

"மூணு தடவை ஊடு தேடி வந்தியே! வந்தப்பவே அடிச்சிருந்தா ஊருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

க்ளிக்.

ஆறாவது முறை அவர் எதுவும் சொல்லவில்லை. க்ளிக். ஏழாவது முறையும் அழுத்தினார். எட்டாவது முறையும். பிலோமினா அவர் மணிக்கட்டைப் பிடித்து, ரிவால்வரை விரல்களிலிருந்து கழற்றினாள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஆறும் காலி உறை" என்றாள். "ஆறு தடவை கொன்னுட்டீங்க. எரிச்சல் அடங்குச்சா?"

"இல்லீங்க."

"மூணு தடவை எதுக்கு வந்தாரு?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய கோழிப்பண்ணைக் கழிவுத் தண்ணீர் வரப்பு தாண்டிக் குழந்தைவேலுவின் கிணற்றில் இறங்கியது. குழந்தைவேலு வந்து சொன்னார். பார்க்கலாம் என்று அனுப்பினார் அர்த்தநாரி. மறுபடி வந்தார். அர்த்தநாரி, தான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை குழந்தைவேலு வந்தபோது அர்த்தநாரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை வாசலிலேயே நிற்கவைத்தார்; கை கழுவிய பிறகும் வெளியே போய்ப் பார்க்கவில்லை. அதற்கடுத்த வாரம், அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைவேலுவின் மனைவி வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கிருந்துதான் குழந்தைவேலு நேராக நிச்சயம் நடந்த மண்டபத்துக்கு வந்தார்.

"பொழைச்சாங்களா?"

"பொழைச்சுட்டா. அது வேற. அதுக்காக எம் பொண்ணு முன்னாலயா?"

பிலோமினா ரிவால்வரைத் துணியில் சுற்றினாள்.

"குடுங்க, நான் கெளம்பறேன்" என்று அர்த்தநாரி கையை நீட்டினார்.

"குடுக்கமாட்டேன்."

"எம் பேர்ல லைசென்ஸ் இருக்குதுங்க!"

"இருக்கட்டும்."

"நீ யாரு எம் பொருளை வச்சுக்க? பொம்பளைகிட்டப் படிக்க வந்தேன் பாரு, எம் புத்தியைச் சொல்லணும்!"

பிலோமினா கையால் மேஜையில் ஓங்கி அடித்தாள். தோட்டாப் பெட்டி கவிழ்ந்து தோட்டாக்கள் உருண்டன.

"பதினெட்டு வருஷமா இந்த மேஜையில துப்பாக்கி துடைக்கறேன்! ஒருத்தனைக் கொல்லக் கத்துக்கக் கோழிப்பண்ணைக்காரர் காலைல ஏழு மணிக்கு வந்து நிப்பாரு, நான் மூச்சைப் பிடி, கையை நேராப் பிடின்னு சொல்லிக் குடுக்கணுமா? எட்டு நாளா எனக்குச் சொல்லாம என்னையும் கூட்டாளியாத்தானே சேத்துக்கிட்டீங்க? வண்டியை எடுங்க. ஸ்டேஷனுக்குப் போறோம். நீங்களா ஒப்படைச்சா ரசீது. நான் போய்ச் சொன்னா கேஸ்."

அர்த்தநாரி வெளியே போனார். காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெயில் ஏறியது. அவள் மடியில் துணிச்சுற்றோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவிட்டார்.

ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டார். ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். 

அதன் பிறகு அவர் கிளப்புக்கு வரவில்லை. இருபதாம் நாள் கழிந்தது. கல்யாணம் நடந்தது. அர்த்தநாரியைக் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. அன்று முழுவதும் பண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று யாரோ சொன்னார்கள்.

ஒரு மாதம் கழித்து வந்தார். கையில் எதுவும் இல்லை. தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"கழிவுத் தண்ணிக்குத் தொட்டி கட்டிட்டேனுங்க. சிமெண்ட் தொட்டி. ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகாது."

"சரி."

"ரெண்டு மோட்டார் வச்சு நாலு நாள் அவன் கெணத்தை எறைச்சேன். சேறு வாரி, பிளீச்சிங் பவுடர் போட்டு, ஊத்துத் தண்ணி ஊற வச்சு, நானே ஒரு சொம்பு மோந்து குடிச்சேன். ஊரே பாத்துச்சு."

"சரி."

"நாலு நாளும் அவன் ஊட்டுக்குள்ளதான் இருந்தான், டீச்சர். கெணத்துக்கும் ஊட்டுக்கும் அம்பது அடி. வெளிய வரல. ஒரு வார்த்தை பேசல. கதவு சாத்துனது சாத்துனபடி." அவர் குரல் உயர்ந்தது. "பண்ணுன தப்புக்கு நான் எல்லாம் பண்ணிட்டேன். இன்னும் என்ன வேணுமாம் அவனுக்கு? எனக்கு எரியுதுங்க. அன்னைக்கு எரிஞ்சதைவிட இப்ப அதிகமா எரியுது. கதவைத் தொறக்கலையே அவன்!"

பிலோமினா கையிலிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.

"தட்டுனீங்களா?"

"இல்லீங்க" என்றார் அர்த்தநாரி. பிறகு காரை நோக்கி நடந்தார்.