பேராசிரியரின் புது இனம்

கல்லூரித் தாவரவியல் துறைக்காகப் பதினோரு வருஷமாகக் கொல்லிமலை மரங்களில் ஏறிக் காயும் இலையும் பறித்துவந்து, எது எந்த மரம் என்று பெயரும் சொல்லிக்கொடுத்தவள் செல்லக்காயி. துறைத்தலைவராக வந்த பேராசிரியர் வைத்தீஸ்வரன், "கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்குக் கல்லூரியில் என்ன வேலை?" என்று அவளை ஒரே நாளில் அனுப்பிவிட்டார். கல்லூரியின் தாவரப் பதிவேட்டில் பாதிப் பெயர்கள் அவள் வாயிலிருந்து வந்தவை என்பதை யார் கேட்பது?

செல்லக்காயியே கேட்டாள், நேரே முதல்வர் அறைக்குப் போய்.

அங்கே பேராசிரியரும் இருந்தார். சிரித்துக்கொண்டே ஓர் அட்டையை நீட்டினார். காய்ந்த இலைக்கிளையும் காய்க்கொத்தும் அதில் ஒட்டியிருந்தன. "போன மாதம் நானே மலையில் எடுத்தது. உலகத்துக்கே புது இனம், பெயரே கிடையாது. இதற்குப் பெயர் சொல், வேலை உனக்கு."

அவள் இலையைக் கசக்கி முகர்ந்தாள். "நாவல்." காயைக் கீறி முகர்ந்தாள். "மிளகரணை."

"ஒரு செடிக்கு இரண்டு பெயரா? பார்த்தீர்களா சார், லட்சணத்தை!"

"செடியே ரெண்டுங்கய்யா. நாவ மரத்து மேல மிளகரணைக் கொடி படர்ந்திருக்கும். நானா இருந்தா மேல ஏறிப் பார்த்துப் பறிப்பேன். நீங்க கீழ நின்னு தொரட்டியில இழுத்திருக்கீங்க, ரெண்டும் சேர்ந்து விழுந்திருச்சு."

முதல்வர் அட்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இலைக்கும் காய்க்கும் நடுவே பசை மட்டும்தான் இருந்தது.

"நாளைக்கே வேலைக்கு வந்துவிடம்மா. ஆனால் இந்த அட்டையில் என்ன பெயர்தான் எழுதுவது?"

"தொரட்டி பேரை எழுதுங்க சாமி. ரெண்டுக்கும் முடிச்சுப் போட்டது அதுதானே!"