கழுத்துவரை மணல்

“கவிதையை எங்கிருந்து எடுக்கீங்க?” என்று கேட்டார் சங்கரபாகம்.

செல்வக்கனி செருப்பைக் கழற்றி உடைமரத்தடியில் வைத்தாள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டாள்.

“ஓடிட்டு வந்து சொல்லுதேன் சார்.”

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்குள் ஓடிவிட்டாள்.

எடுக்கீங்க என்ற சொல்லை அவர் வேண்டுமென்றேதான் போட்டார். எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். முகம் மாறுகிறதா பார்ப்போம் என்றுதான் அப்படிக் கேட்டார். மாறவில்லை.

தேர்ந்த கை என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே இல்லை. தண்ணீர் குடித்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

சங்கரபாகம் பாளையங்கோட்டையில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செல்வக்கனி தேரியை ஒட்டிய ஊரில் விளையாட்டு டீச்சர். வயதில் அவருடைய மகளை விட இரண்டொரு வருடம்தான் மூத்தவள். அப்படிப்பட்டவளிடம் அவர் சீடராக வந்து நின்றதை ஊர் வியப்பாகப் பார்த்தது. பெரிய மனுஷன், எவ்வளவு அடக்கம் என்று சொன்னார்கள்.

அடக்கமெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் வந்தது அவளைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கு.

சில வருடங்களுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு கவிதைக் கூட்டம். சங்கரபாகம் அங்கே ஒரு கவிதை வாசித்தார். அதில் ஒரு வரி:

கழுத்துவரை மணல். இன்னும் குருத்து விடுகிறது பனை.

கூட்டம் கைதட்டியது. அதோடு சரி, கவிதை எங்கும் அச்சாகவில்லை. பிறகு செல்வக்கனியின் புத்தகம் வந்தது. எல்லாரும் அதையே பேசினார்கள். வாங்கிப் புரட்டினார். நடுவில் ஒரு கவிதையில் அவருடைய வரி, ஒரு எழுத்து மாறாமல், அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சிற்றிதழ் நடத்தும் நண்பர் ஒருவரிடம் சொன்னார். எழுதிக் கொடு, போடுகிறேன் என்றார் நண்பர். ஆனால் ஒரு வரியை வைத்துக்கொண்டு எழுதினால் பொறாமை என்பார்கள். இன்னும் நாலு இடத்தில் அவள் கைவைத்திருப்பாள், அதைக் கண்டுபிடி என்றார்.

ஆகவே ஆடி மாதம் அவள் ஊரில் ஒரு உறவுக்காரர் வீட்டு மாடியில் வந்து தங்கினார். கவிதை கற்றுக்கொள்ள வேண்டும் என்று கைகூப்பி நின்றார்.

“உங்க கவிதை கேட்டிருக்கேன் சார்” என்றாள் அவள், சாதாரணமாக.

கேட்டிருக்கிறாளாம். என்ன துணிச்சல் என்று அன்றிரவு முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார்.

அவள் பாடம் எதுவும் நடத்தவில்லை. தினமும் விடிந்ததும் தேரிக்கு வரச் சொன்னாள். ஓடச் சொன்னாள். சிவப்பு மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுத்தது. முதல் மேட்டிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. அங்கேயே உட்கார்ந்துவிடுவார். அவள் பெரிய மேட்டுக்கு அப்பால் மறைந்துவிடுவாள்.

ஒருநாள் தன் கவிதை ஒன்றை வாசித்துக் காட்டினார். நீளமான கவிதை, கடலைப் பற்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம் சார் அடிச்சுது?”

“எந்தக் காத்து?”

அவள் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள்.

இவளுக்குக் கவிதையைப் பற்றிப் பேசத் தெரியவில்லை, அதனால்தான் பேச்சை மாற்றுகிறாள் என்று அவர் முடிவு செய்தார்.

இன்னொரு நாள், பெரிய மேட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டார். பெயரெல்லாம் கிடையாது என்றாள். ஆடிக் காற்றில் மேடு நகர்ந்துவிடும், போன வருடம் அது முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது, நகர்கிற ஒன்றுக்கு யார் பெயர் வைப்பார்கள் என்றாள்.

சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

எதுவும் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்ல வருகிறாள். திருடுகிறவர்களுக்கு வசதியான தத்துவம். நண்பரிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

பிறகுதான் அவள் கைகளைக் கவனித்தார்.

ஓடுகிறவர்களுக்கு முழங்கால்வரை மணல் ஒட்டும். அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு முழங்கைவரை ஒட்டியிருந்தது. நகக்கண்களில் சிவப்பு ஏறியிருந்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

பெரிய மேட்டுக்குப் பின்னால் அவள் எதையோ தோண்டுகிறாள். அல்லது புதைக்கிறாள். யாருடைய கவிதைகளையோ அங்கே ஒளித்து வைத்திருக்கிறாளோ? யோசிக்கும்போதே அது கிறுக்குத்தனமாகப்பட்டது. இருந்தும் யோசனை நிற்கவில்லை. இவ்வளவு நேரம் அங்கே என்ன வேலை? தன்னை ஏன் முதல் மேட்டோடு நிறுத்தி வைத்திருக்கிறாள்?

அவள் அவரை எங்கேயும் நிறுத்தவில்லை. அவராகத்தான் உட்கார்ந்தார். அது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் அவள் மறைந்ததும் எழுந்தார். காலடிகளைப் பிடித்துக்கொண்டு போனார்.

ஏற்றத்தில் கால்விரல்கள் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன. இறக்கத்தில் குதிகால் நீளமாகக் கிழித்திருந்தது. ஓரிடத்தில் அவள் வளைந்து போயிருந்தாள். பார்த்தால், அங்கே ஏதோ பறவை மணலில் குழி பறித்துப் படுத்த தடம். அதை மிதிக்காமல் சுற்றிப் போயிருக்கிறாள்.

காற்று எழுந்தது. கண்ணெதிரிலேயே தடங்களின் விளிம்பு உதிரத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று அவருக்குப் புரிந்தது.

சங்கரபாகம் ஓடினார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, வாழ்க்கையில் ஓடாத ஓட்டம் ஓடினார். முதல் மேடு போனது. இரண்டாவது மேட்டில் கைகளையும் ஊன்றி ஏறினார். பெரிய மேட்டின் உச்சிக்கு வந்து கீழே பார்த்தார்.

செல்வக்கனி முழங்காலிட்டுக் குனிந்திருந்தாள். இரண்டு கைகளாலும் மணலை அள்ளி அள்ளிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“மாட்டிக்கிட்டீங்க” என்றார், மூச்சிரைக்க.

அவள் திரும்பிப் பார்த்தாள். “வந்துட்டீங்களா? சறுக்கும், பாத்து இறங்குங்க சார்.”

பாதி நடந்தும் பாதி உருண்டும் இறங்கினார்.

அவள் முன்னால் ஒரு பனையின் தலை இருந்தது. தலை மட்டும்தான். ஆள் உட்காரும் உயரத்தில் ஓலைகள் மணலில் விரிந்து கிடந்தன. மரம் முழுக்க அடியில் நின்றுகொண்டிருந்தது. ஓலைகளுக்கு நடுவில் அவள் மணலை விலக்கிய குழியில் வெளிர்மஞ்சளாக ஒரு குருத்து, விரியாமல், ஈட்டி மாதிரி.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எதற்காக வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

“அந்த வரி என்னுடையது” என்றார். “உங்க புத்தகத்துல இருக்கே, அது என்னுடையது. தூத்துக்குடியில நான் வாசிச்சது. நீங்க எடுத்துட்டீங்க.”

“ஆமா சார். கடைசி வரிசையில இருந்தேன்.”

மறுப்பாள் என்றே அவர் எதிர்பார்த்திருந்தார். மறுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் மாடியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

“அப்போ ஒத்துக்கிடுதீங்க.”

“அதை வரின்னு நான் நினைக்கல சார். சேதின்னு நினைச்சேன்.”

அவள் மணலைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. தள்ளிக்கொண்டே சொன்னாள். கூட்டம் முடிந்ததும் எந்தப் பனை என்று கேட்க வந்தாளாம். அவரைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்களாம். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, கேட்காமலே திரும்பிவிட்டாள். ஆனால் அப்படி ஒரு பனை எங்கேயோ மூச்சுமுட்டி நிற்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லையாம். பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தவள், தேரிக்குள் ஓடத் தொடங்கினாள். மேடு மேடாகத் தேடினாள். பல நாள் அலைந்து இதைப் பார்த்தாள். பார்த்த அன்று உட்கார்ந்து அழுதாளாம். அதற்குப் பிறகு எழுதியவைதான் அந்தப் புத்தகம்.

“தினமும் காத்து மூடிருது. தினமும் வந்து தள்ளிட்டுப் போறேன்.”

இன்னும் இரண்டு கை மணலைத் தள்ளினாள்.

“உங்க பேரைப் போடாதது தப்புதான் சார். அடுத்த பதிப்புல போடணும்னு பதிப்பகத்துல சொல்லிட்டேன். அந்தப் பனை நிக்கிற ஊரையும் போடணும்னு ஆசை. இது இல்ல, நீங்க பாத்த பனை. கேக்கணும்னு இருந்தேன், நீங்களே வந்துட்டீங்க.”

அவள் முதல்முறையாகக் கையை நிறுத்தினாள். மணல் படிந்த முகத்தை நிமிர்த்தி, நோயாளியைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டாள்.

“அது எங்க நிக்கு சார்? அதுக்கு யாரு மணல் தள்ளுதாங்க?”

பாளையங்கோட்டை வீட்டில், மின்விசிறிக்கு அடியில், கூட்டத்துக்கு முந்தின நாள் எழுதிய வரி அது. தேரி மணலை அவர் மிதித்தது இந்த ஆடியில்தான்.

காற்று மேட்டின் உச்சியைச் சீவிக்கொண்டு வந்தது.

சங்கரபாகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

வாய் நிறைய மணல் விழுந்தது.