தட்டைக் கலைத்தது யார்?

பம்பு கம்பெனிகள் நிறைந்த ஓர் ஊரில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்டு அங்கே வந்தால், வேலைக்குத் தயார் செய்து அனுப்புவார்களாம். வாசல் போர்டு அப்படித்தான் சொன்னது.

உள்ளே ஒரு தட்டில் நட்டுகளும் போல்ட்டுகளும் கலந்து கிடந்தன. தாரணி என்ற இருபது வயதுப் பெண் தினமும் காலையில் வந்து அவற்றைப் பிரிப்பாள். நட்டுகளுக்கு ஒரு கிண்ணம், போல்ட்டுகளுக்கு ஒரு கிண்ணம். ஒன்றுகூட மாறாது. மறுநாள் பார்த்தால் எல்லாம் பழையபடி தட்டில் கலந்து கிடக்கும்.

"யாரோ நம்மள வச்சு விளையாடுறாங்க," என்றது தலை சப்பிப்போன ஒரு போல்ட்டு.

"எனக்கு இந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம்," என்றது ஒரு நட்டு. "யார் முகத்தையும் பார்க்க மாட்டேங்கிறா. மனசுல கள்ளம் இல்லாதவ அப்படியா இருப்பா?"

"நம்மளப் பார்க்கிறாளே! நம்மள இப்படி உத்துப் பார்க்கிறவங்க வேற யாரு இருக்காங்க?" என்றது தட்டு.

நட்டு நம்பவில்லை. அன்றிலிருந்து கிண்ணங்களைக்கூட அது ஓரக்கண்ணால் கவனிக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் தாரணியைக் கூட்டிப்போக வரும் அம்மா தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாள். "மிஸ், எம் பொண்ண எப்பங்க கம்பெனிக்கு அனுப்புவீங்க?"

"இன்னும் நல்லாப் பழகட்டுங்க," என்பாள் அங்கே பயிற்சி தரும் ஹேமா மிஸ்.

தாரணி கேட்டுக்கொண்டே நிற்பாள். கம்பெனிக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

ஒரு நாள் காலையில் அவள் தலை சப்பிப்போன போல்ட்டைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "நீ நேத்தும் வந்தே," என்றாள்.

போல்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இவ நம்மளயில்ல சந்தேகப்படுறா!"

அன்று சாயங்காலம் அம்மா கையைப் பிடித்து இழுத்தும் தாரணி நகரவில்லை. கதவோரமே நின்றாள். எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்த ஹேமா மிஸ், இரண்டு கிண்ணங்களையும் தட்டில் கவிழ்த்துக் கையால் நன்றாகக் கிளறிவிட்டாள். ஒரு பெண்ணின் ஒரு நாள் உழைப்பு அத்தோடு போயிற்று. நினைத்தால் வயிறு எரிகிறது.

"மிஸ், நீங்களா?" என்றாள் தாரணி.

மிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். "நாளைக்கு உனக்கு வேலை வேணுமில்ல கண்ணு?"

நட்டுக்கு வெட்கமாகிவிட்டது. யார் செய்த வேலைக்கு யார் மேல் பழி போட்டோம் என்று அது குறுகிப்போனது.

தாரணி தட்டருகே வந்தாள். தலை சப்பிப்போன போல்ட்டை எடுத்து, அதில் அந்த நட்டைப் பொருத்தி இறுகத் திருகினாள். அங்கே யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. திருகியதை மிஸ்ஸிடம் நீட்டினாள்.

"அடுத்து என்ன மிஸ்?"

அம்மாவும் மிஸ்ஸின் முகத்தையே பார்த்தாள். ஹேமா மிஸ் தயங்கித் தயங்கி பீரோவைத் திறந்தாள்.

உள்ளே இன்னொரு தட்டில் கலந்து கிடந்த நட்டு போல்ட்டுகள் தூக்கம் கலைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டன: "இப்ப எங்க முறையா?"