அறுபத்து மூன்றாம் பக்கம்

"நாற்பத்தோரு ஆளை ஒரே பேனாவுல சுழியாக்கிட்டுப் போனவன் எவனுங்க? இரும்பு உருகற பக்கம் அவன் எட்டியாவது பார்த்திருப்பானா? கையில ஒரு கொப்புளம் வந்திருக்குமா? ஆளைக் காட்டுங்க மேடம். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

நாச்சிமுத்து உட்காரவில்லை. கையிலிருந்த நகல் தாளை மேசைமேல் அறைந்தார். பேராசிரியர் சுகிர்தாவின் டீ டம்ளர் துள்ளியது.

சுகிர்தா முதலில் டம்ளரைப் பிடித்தார். பிறகு தாளை எடுத்தார்.

பக்க எண் அறுபத்து மூன்று. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரி, அதன் உலைத் தொழிலாளர் பட்டியல். நாற்பத்தோரு வரி. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'தொழில் கற்ற ஆண்டுகள்'. அதன்கீழ் மேலிருந்து அடிவரை முட்டை முட்டையாகச் சுழி.

"பதினாலு வருஷத்துக்கு முந்தி எவனோ ஆராய்ச்சி பண்ணினானாம். இந்த ஒத்தைத் தாளை வெச்சுக்கிட்டுத்தான் கூலிக் கமிட்டி இன்னைக்கும் எங்க ஆளுகளைத் 'தேர்ச்சியற்ற தொழிலாளி'ங்குது. செத்தாலும் அந்தப் பேரோடதான் சாகணுமா?"

"கமிட்டியில கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனுங்களா? எழுதினவங்களே கையெழுத்துப் போட்டுத் திருத்தினாத்தான் உண்டாம். சரி, எழுதினது யாருன்னா, பேர் சொல்ல விதியில்லையாம். எப்படி இருக்குது நாயம்?"

சுகிர்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து அந்த உலையில்தான் வளர்ந்தார். பதினைந்து வயதில் உள்ளே போனவர். முப்பத்தைந்தாவது வயதில் ஒருநாள், முகத்தில் பாதியைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஒரு பெண் பவுண்டரி வாசல் கேட்டருகே வந்து நின்று, "எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டாள். யாரோ அனுப்பிய கணக்கெடுக்கிற பெண் என்று நினைத்து, "படிக்கலைங்க" என்றார். அந்தச் சொல் தன் வாயிலிருந்தே வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த மாதமே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பணம் கட்டினார். பிறகு தபாலில் பி.ஏ., தபாலில் எம்.ஏ. நடுவிலே சங்கச் செயலாளர். முதலாளிகளோடு முப்பது பேச்சுவார்த்தை. ஒன்றிலும் மேசை அவருக்கு முன்னால் அசையாமல் இருந்ததில்லை.

இப்போது நாற்பத்தொன்பது வயதில் ஆராய்ச்சி மாணவராக வந்து நிற்கிறார். வழிகாட்டும் பேராசிரியர் அவரைவிட ஏழு வயது சின்னவர்.

சுகிர்தா பௌதிகம் படித்தவர். அங்கிருந்து தொழிலாளர் பொருளாதாரத்துக்குப் போனவர். வேலை பார்ப்பது கல்வித் துறையில். மூன்று துறைக்காரர்களும் அவரைப் பக்கத்துத் துறைக்காரர் என்றே சொல்வார்கள்.

"பட்டியல்ல முதல் பேர் யாருங்கண்ணா?"

"பட்டீஸ்வரன். எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு. பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிச்சதில்லை. லேடில்ங்கற கொப்பரையில உருகின இரும்பு வந்து நின்னதும் கசடை ஒதுக்குவாரு, நீலக் கண்ணாடியை மாட்டிட்டு ஒரு பார்வை. சூடு பதமா இருந்தா 'ஊத்து'ம்பாரு. அதிகம்னா 'பொறு'ம்பாரு. ஆறிப்போச்சுன்னா 'திருப்பிக் கொட்டு'ம்பாரு. சொன்னா சொன்னதுதான்."

"எத்தனை தடவை சரியாச் சொல்லுவாரு?"

"எப்பவும்."

"எப்பவும்கறது எண் இல்லையே."

நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்தது.

சுகிர்தா அலமாரியைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் மூலையில் எண் அச்சிட்டிருந்தது. "ஒரு லேடிலுக்கு ஒரு தாள். அவர் சொன்னது ஒரு வரி. இரும்புக்குள்ள விட்டுச் சூட்டை அளக்கற கருவி காட்டினது ஒரு வரி. மறுநாள் அந்த வார்ப்பு நல்லா வந்துச்சா, குறையா வந்துச்சான்னு ஒரு வரி. நூறு லேடில்."

"நூறா? ஐம்பது வெச்சுக்குவோம்."

"நூத்தைம்பது."

"என்னுங்க மேடம், நான் இறக்கினா நீங்க ஏத்தறீங்க?"

"இருநூறு."

நாச்சிமுத்து கை நீட்டி நோட்டை வாங்கினார். முப்பது பேச்சுவார்த்தையில் இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை.

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். "அப்ப ஆளு?"

"சரக்கைக் கொண்டாங்க. ஆளைக் காட்டறேன்."

மூன்று மாதம்.

உலைக்கு முன்னால் நோட்டும் கையுமாக நிற்க முதலாளியிடம் அனுமதி வாங்கியது ஒரு தனிப் பேரம். அது கிடக்கட்டும். மூன்று மாதம் கழித்து நாச்சிமுத்து வந்தபோது நடையிலேயே வெற்றி தெரிந்தது.

"நூத்துக்கு நூறுங்க மேடம்! எழுதியிருக்கற அத்தனையிலும் அவர் சொன்னது சரி. ஒண்ணுகூடப் பிசகலை. இப்பச் சொல்லுங்க, எவன் அவன்?"

சுகிர்தா தாள்களைக் கட்டைவிரலால் சரசரவென்று ஓடவிட்டார். விரல் நின்றது.

"ஏழாம் தாள் எங்க?"

"ஏழா?"

"முப்பத்தொண்ணு?"

நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அறுபத்தாறு, அறுபத்தேழு, நூத்தெட்டு, நூத்தி நாற்பது. ஆறு தாள்."

"எலி கடிச்சிருக்கும்."

"எண் பார்த்துக் கடிக்கிற எலியா?"

சுகிர்தா உள்ளங்கையை நீட்டினார். நீட்டியபடியே வைத்திருந்தார்.

"மேடம், பத்துப் பன்னெண்டு வருஷமா நான் பேரம் பேசற ஆளு. எதிராளி முன்னாடி தன் ஓட்டையைத் தானே திறந்து காட்டற கிறுக்கன் எவனாச்சும் உண்டா? அந்த ஆறையும் காட்டினா, 'பார்த்தியா, படிக்காதவன் தப்பாச் சொல்லியிருக்கான்'னு அதையே பிடிச்சுக்குவாங்க. பேசறதை நான் பார்த்துக்கறேன், உங்களுக்கு அந்த வித்தை தெரியாது."

கை அப்படியே இருந்தது.

நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். ஆறு.

சுகிர்தா அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நோட்டின்மேல் வைத்து நோட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"ஒட்டிட்டு வாங்க."

"ஒட்டினாத் தோத்துருவோம்."

"யாரு?"

அந்த ஒற்றைக் கேள்வி பவுண்டரிவரை பஸ்ஸில் கூடவே வந்தது.

பட்டீஸ்வரன் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து எல்லாவற்றையும் சொன்னார். கிழித்ததையும் சொன்னார். பட்டீஸ்வரன் சோற்றுத் தூக்குப்போசியை ஓரமாக வைத்தார்.

"என் தப்பை நீ எதுக்குடா திருடற?"

"உங்களுக்காகத்தான் அண்ணா."

"எனக்காகவா? நூத்துக்கு நூறுன்னா எவனாச்சும் நம்புவானா? நான் என்ன சாமியா? படி, அதுல என்ன எழுதியிருக்கே, படி."

நாச்சிமுத்து ஏழாம் தாளைப் பிரித்தார். "நீங்க 'ஊத்து'ன்னீங்க. கருவி, ஆறிப்போச்சுன்னு காட்டியிருக்குது."

"வார்ப்பு எப்படி வந்துச்சு?"

"அது... எழுதலைங்கண்ணா. கருவியைப் பார்த்ததும் உலைப்பக்கம் நின்னே கிழிச்சுட்டேன்."

பட்டீஸ்வரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எம்.ஏ.வா நீ?"

வார்ப்பைச் சோதிக்கிற அறையில் பதிவேடு இருந்தது. நாச்சிமுத்து தேதியும் லேடில் எண்ணும் வைத்துத் தேடினார். ஏழாம் தாளின் வார்ப்பு: நன்று. முப்பத்தொன்று: நன்று. அறுபத்தாறு, அறுபத்தேழு: நன்று, நன்று.

"அந்த நாலு தடவையும் கருவியோட முனையை மாத்தலை" என்றார் பட்டீஸ்வரன். "ஒருதடவை இரும்புல விட்டா வீசி எறியணும். மேனேஜர் சிக்கனம் பிடிச்சு உபயோகிச்சதையே மறுபடி மாட்டினான். அது பொய்தான் சொல்லும். நான் அன்னைக்கே சொன்னேன். நீ காது குடுத்தியா?"

நூற்றெட்டு: வார்ப்பு குறை.

"அது என்னோடது. பேத்திக்குக் காய்ச்சல், ரெண்டு நாளாக் கண்ணு மூடலை."

நூற்று நாற்பது: குறை.

நாச்சிமுத்து காத்திருந்தார்.

"அதுக்குக் காரணமெல்லாம் இல்லை. தப்பு. எழுதிக்க."

கூலிக் கமிட்டி கூடுவதற்கு இன்னும் மூன்றே நாள். நாச்சிமுத்து நோட்டை மேசைமேல் வைத்தார். இந்தமுறை அறையவில்லை. சோற்றுப்பசை வாசம் வந்தது. ஆறு தாளும் கோணல்மாணலாக அதனதன் இடத்தில் ஒட்டியிருந்தன. விட்டுப்போன வரிகள் நிறைந்திருந்தன.

சுகிர்தா ஒவ்வொரு தாளாகப் படித்தார். அவசரப்படவில்லை. டீ ஆறிப்போனது.

"பட்டீஸ்வரன்?"

"இருநூத்துல நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"கருவி?"

"நூத்தித் தொண்ணூத்தாறு."

சொல்லிவிட்டு நாச்சிமுத்து நிமிர்ந்தார். நெஞ்சு தானாக முன்னால் வந்தது. "கருவியைவிட ரெண்டு கூடுதலுங்க மேடம். அந்தக் கருவியை எவனாச்சும் எத்தனாவது படிச்சேன்னு கேட்டானா?"

சுகிர்தா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சரக்கு வந்தாச்சு" என்றார் நாச்சிமுத்து. "ஆளு?"

சுகிர்தா மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தார். நீல அட்டை வெளுத்துப்போன ஒரு அறிக்கையை எடுத்தார். முதல் பக்கத்தைப் பிரித்து, நாச்சிமுத்து படிப்பதற்குத் தோதாகத் திருப்பி வைத்தார்.

தலைப்பு. ஆண்டு. அதன்கீழே ஆய்வாளர் பெயர்.

ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

நாச்சிமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்போல இரண்டுமுறை படித்தார்.

"அந்தக் கைக்குட்டை..."

"நான்தான். புகை ஒத்துக்கலை, வாசல் கேட்டுக்கிட்டயே நின்னுட்டேன். எத்தனாவது படிச்சீங்கன்னு கேட்டேன். சான்றிதழ் இருக்கான்னு கேட்டேன். எல்லாரும் இல்லைன்னீங்க. சுழி போட்டேன். உள்ள வந்து பார்க்கலை."

"அன்னைக்கே, நான் வந்து கத்தினப்பவே, ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இன்னும் கத்தியிருப்பீங்க. நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மன்னிப்பை வெச்சுக் கமிட்டி என்ன பண்ணும்?"

நாச்சிமுத்து அறிக்கையின் அட்டையை மூடினார்.

"பயமும் இருந்துது" என்றார் சுகிர்தா. உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைத் தொட்டார். "இது அந்த அறிக்கையால வந்த நாற்காலி. திருத்தினா, மத்த பக்கத்தையெல்லாம் எப்படி எழுதினேன்னு கேப்பாங்க. கேக்கட்டும். நீங்க ஆறு தாளையும் ஒட்டிட்டு வந்துட்டீங்க. இனி நான் இதை எங்க ஒளிக்கறது?"

நாச்சிமுத்துவுக்கு எவன், எவன் என்று பதினான்கு வருடம் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டைவரை வந்தது. நோட்டைப் பார்த்தார். ஒட்டிய ஏழாம் தாளின் ஓரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

அந்த அறைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கமிட்டிக்கு மூணு நாள் இருக்கு" என்றார் சுகிர்தா. "ஒவ்வொருத்தரும் எத்தனை வருஷம்னு விசாரிச்சு, நாளன்னைக்குள்ள..."

"இன்னைக்குங்க."

"நாற்பத்தோரு பேர் இருக்காங்கண்ணா."

"நாற்பத்தோரு பேரும் என்னைக்கு உலைக்கு வந்தாங்கன்னு எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. சந்தேகம்னா பவுண்டரி வருகைப் பதிவேட்டைப் போய்ச் சரிபாருங்க. இந்தத் தடவை வாசல் கேட்டோட நிக்காம."

"நாளைக்குக் காலையில உட்காருவோமா?"

"பேரமில்லைங்க மேடம்."

குரல் ஏறவில்லை. முப்பது பேச்சுவார்த்தையிலும் அவர் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

சுகிர்தா பேனாவின் மூடியைக் கழற்றினார். அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார்.

"முதல் வரி பட்டீஸ்வரன்" என்றார் நாச்சிமுத்து. "நீங்க வாசல் கேட்டுக்கிட்ட நின்ன அன்னைக்கு அவருக்கு உலையில இருபத்தெட்டு வருஷம். பதினேழாவது வரி நானு. இருபது வருஷம். அதுவும் படிப்புதான், 'படிக்கலைங்க'ன்னு நான் சொன்னது பொய். அதை நம்பி எழுதினது உங்க கை. அந்தக் கையாலயே, என் கண்ணு முன்னால, நாற்பத்தோரு சுழியையும் ஒவ்வொண்ணா அடிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."