கொக்கி இல்லாத அறை

வீட்டில் ஃபேனை எங்கே மாட்டுவது என்று கேட்டுக்கொண்டு சாமியாரிடம் போன ஆள் யாராவது உண்டா? எங்கள் பக்கத்தில் ஒருத்தர் போனார். பெயர் குற்றாலிங்கம். அரசு பஸ்ஸில் டிக்கெட் செக்கர். ஓடுகிற பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்தி ஏறுவார். ஏறின வேகத்தில், டிக்கெட் எடுக்காதவன் எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

அவர் போனது வாய்க்கால்சாமியிடம். வாய்க்கால் ஓரத்துச் சின்ன மடத்தில் இருப்பதால் சாமிக்கு அந்தப் பெயர். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். ஒருத்தர் சாமியாகிவிட்டார், ஆகவே மற்றவர் சீடராகிவிட்டார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தவறாமல் போய் மடத்தைக் கூட்டித் தெளித்துவிட்டு, சாமி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொண்டு வருவார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. உச்சி வெயில் வேறு. மகன் நயினாரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்த பையன். அவன் உள்ளே வரவில்லை. வாய்க்கால் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"சாமி, புது வீட்டுக்கு நாளைக்குக் கான்கிரீட் போடுதோம். ஃபேன் கொக்கி எங்கெங்க வைக்கணும்னு நீங்கதான் சொல்லணும்."

"ஏன் வே, உம்ம எலெக்ட்ரீஷியன் செத்தா போனான்?"

குற்றாலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்த வார்த்தை வேண்டாம் சாமி."

சாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, வேண்டாம். விஷயத்தைச் சொல்லும்."

"கான்கிரீட் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது. கொக்கியை இன்னைக்கே கம்பியோட சேத்துக் கட்டியாகணும். ஹாலுக்கு எங்க, எங்க ரூமுக்கு எங்க..." பேச்சு பாதியில் நின்றது. தலை வாசல் பக்கம் திரும்பியது. படிக்கட்டில் நயினாரின் முதுகு தெரிந்தது. "அடுக்களைக்கு எங்கன்னு ஒரு முடிவு பண்ணணும் சாமி."

"நீரு ஒரு வாய்ப் பேச்சுக்கு ஒம்பது தடவை திரும்பிப் பாக்கீரு. வாய்க்கால்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சாமி."

"மடத்துல இவ்வளவு காத்து வருது. உமக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?"

குற்றாலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. துண்டுக்குள்ளிருந்துதான் பேச்சு வந்தது.

"பயமா இருக்கு சாமி."

சாமி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குற்றாலிங்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கோயமுத்தூர் ஹாஸ்டலில் நயினாரோடு ஒரே அறையில் இருந்த பையன், பரீட்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு அந்த அறையிலேயே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். கதவைத் திறந்து முதலில் பார்த்தது நயினார். படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தவன், வந்த நாளிலிருந்து சரியாகப் பேசுவதில்லை.

"படுத்துக்கிட்டு மேல ஃபேனையே பாக்கான் சாமி. நான் கதவிடுக்குல நின்னு அவனைப் பாக்கேன். விடிய விடிய இதே பொழப்பாப் போச்சு. காலையில அவன் ரூம் கதவைத் தள்ளுததுக்கு முன்ன காதை வச்சுக் கேப்பேன். உள்ள இருந்து ஒரு இருமல் சத்தம் வந்தாத்தான் எனக்கு உயிர் வரும்."

"டாக்டரைப் பாத்தீரா?"

"பாக்காம இருப்பனா? வாரா வாரம் கூட்டிட்டுப் போறேன். மாத்திரை குடுக்காரு. தேறி வாரான்னுதான் சொல்லுதாரு. எனக்குத்தான் நம்பிக்கை வர மாட்டேங்கு."

"அதை மட்டும் விட்டுராதேயும்."

"விடமாட்டேன் சாமி."

"அவன்கிட்ட இதைப் பேசினீரா?"

"எதை?"

"உமக்குப் பயமா இருக்குன்னு."

"ஐயையோ!" குற்றாலிங்கம் துண்டைக் கீழே போட்டுவிட்டார். "அதை எப்படி சாமி கேக்க? நான் கேக்கப் போயி, அதுவே அவன் மனசுல வந்து உக்காந்துட்டுன்னா?"

சாமி கீழே கிடந்த துண்டை எடுத்து உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாரும். வீட்டைப் பாப்போம்."

புது வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. மேலே கான்கிரீட் ஊற்றுவதற்குச் சென்ட்ரிங் பலகை அடித்திருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு முட்டுக்கம்புகள் காடாக நின்றன. பகலிலேயே உள்ளே இருட்டு. பலகைக்கு மேல் கம்பி கட்டி முடித்தாயிற்று. எலெக்ட்ரீஷியன் ஜெபமணி மேலே உட்கார்ந்து பைப் பதித்துக்கொண்டிருந்தான். நயினார் வாசலில் மணல் குவியலில் உட்கார்ந்துகொண்டான்.

கம்புகளுக்கிடையே குனிந்து குனிந்து குற்றாலிங்கம் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது ஹால், இது அடுக்களை, இது எங்க ரூம். கடைசி அறைக்கு வந்ததும் குரல் இறங்கிப் போயிற்று.

"இது அவன் ரூம் சாமி."

"இதுல கொக்கி உண்டா?"

"முதல்ல வேண்டாம்னேன். ஏன் எனக்கு மட்டும் வேண்டாம்னு அவன் கேட்டா என்ன பதில் சொல்ல? அதனால வைக்கச் சொன்னேன். வச்சதைப் பாத்ததும் எடுக்கச் சொல்லிட்டேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எந்த ரூம்லயும் இல்லைன்னா அவனுக்கு வித்தியாசம் தெரியாதுல்லா? அதனால வீட்டுக்கே ஃபேன் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு உம்ம எலெக்ட்ரீஷியன் என்ன சொன்னான்?"

"சித்திரையில அவிஞ்சு போவீங்க அண்ணாச்சின்னான். என் வீட்டுக்காரி, இந்த மனுஷனுக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு அழுதுட்டா."

சொல்லிக்கொண்டே ஜன்னல் சந்து வழியாக வாசலைப் பார்த்தார். மணல் குவியலில் யாரும் இல்லை.

"நயினாரு!"

பதில் இல்லை.

குற்றாலிங்கம் ஓடினார். ஒரு முட்டுக்கம்பில் தோள் இடித்தது, இன்னொன்றில் நெற்றி இடித்தது. வாசலில் செருப்பு மட்டும் கிடந்தது. வீட்டைச் சுற்றி ஓடினார். செங்கல் நனைக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தன் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து அவருக்கே பயமாகிவிட்டது.

"எய்யா! எய்யா, நயினாரு!"

"இங்க இருக்கேம்ப்பா."

குரல் மேலேயிருந்து வந்தது. கைப்பிடிச் சுவர் கட்டாத மொட்டைக் கூரை. அதன் ஓரத்தில் பையனின் தலை தெரிந்தது. குற்றாலிங்கம் ஏணியில் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. சாமி பின்னாலேயே ஏறி வந்தார்.

நயினார் ஜெபமணி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டிங் பிளேயரால் கட்டுக்கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"வெயிலு..." என்றார் குற்றாலிங்கம். திட்ட வந்தவர்தான், வாயில் வேறு எதுவும் வரவில்லை. "தலை காயுது. இறங்குய்யா."

அவருடைய நெற்றியில் ரத்தம் கசிந்ததை ஜெபமணி பார்த்தானோ என்னவோ, பார்க்காத மாதிரி அவன் குறையை அவன் பேசினான்.

"அண்ணாச்சி, நல்ல வேளை, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கீங்க. கொக்கிக்கு ஒரு முடிவு சொல்லுங்க. நீங்க காலையில வேணுங்கீங்க, சாயங்காலம் வேண்டாங்கீங்க. தம்பி என்னடான்னா தனியா வந்து, என் ரூமுக்கு ஃபேன் வைக்காதீங்கண்ணே, அப்பாட்ட சொல்லிராதீங்கங்கு. நான் யாரு பேச்சைத்தான் கேக்க?"

நயினார் பிளேயரைக் கீழே வைத்தான்.

"நீ எதுக்குய்யா வேண்டாம்னே?" என்றார் குற்றாலிங்கம்.

"நீங்க எதுக்குப்பா வேண்டாம்னீங்க?"

அவர் தோளில் துண்டைத் தேடினார். அது சாமி தோளில் கிடந்தது. பையன்தான் மறுபடியும் பேசினான். அப்பாவைப் பார்க்காமல் கம்பியைப் பார்த்துப் பேசினான்.

"படுத்தா அவன் ஞாபகம்தான் வருது. மேல பாக்காமலும் இருக்க முடியல. பயமா இருக்குப்பா. நீங்க கதவுக்கு வெளிய வந்து நிக்கிறது எனக்குத் தெரியும். இன்னைக்கு உள்ள வருவீங்க, இன்னைக்கு உள்ள வருவீங்கன்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். நீங்க வரவே மாட்டீங்க."

குற்றாலிங்கம் அப்படியே கம்பியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கம்பி பழுக்கக் காய்ந்து கிடந்தது. அது அவருக்கு உறைக்கவில்லை.

"எனக்கும் பயமா இருந்துச்சுய்யா," என்றார். சொல்லிவிட்டு அழுதார். ஜெபமணி எழுந்து அந்தக் கோடிக்குப் போய், அங்கே பைப்பில் இல்லாத கோளாறைத் தேடினான். சாமி ஏணியில் இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து, மகனை ஜெபமணியோடு விட்டுவிட்டுக் குற்றாலிங்கம் கீழே வந்தார். ஹாலில் முட்டுக்கம்புகளுக்கு நடுவே துண்டை விரித்து சாமி மல்லாந்து படுத்திருந்தார்.

"ஐயோ சாமி, எந்திரிங்க! கம்பு ஒண்ணு சறுக்கினா மொத்தப் பலகையும் மேல வந்துரும்."

"வராது. நீரும் இப்படிப் படும்."

குரு சொன்னால் சீடன் படுக்கத்தானே வேண்டும்? பயந்துகொண்டே படுத்தார். மேலே பலகையில் ஆள் நடக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் பலகைச் சந்திலிருந்து தூசி உதிர்ந்தது.

"மேல நடக்கிறது யாரு?"

"அவன்தான் சாமி. ஜெபமணி நடந்தா பலகை அதிரும்."

நடை நின்றது. குற்றாலிங்கத்துக்கு மூச்சும் நின்றது. தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் மறுபடி நடக்கிற சத்தம். இவர் மூச்சை விட்டார்.

"அவன் சின்னப்புள்ளையா இருந்தப்ப உம்ம வீட்டுல எத்தனை ஃபேன் வே?"

"அந்த வாடகை வீட்டுலயா? ஒண்ணுதான் சாமி. கோடையில மூணு பேரும் அதுக்குக் கீழதான் கெடப்போம். நடுவுல அவன். தூக்கத்துல காலைத் தூக்கி என் நெஞ்சு மேல போட்டுக்கிடுவான். எடுத்துக் கீழ விட்டா திரும்பப் போடுவான்."

"இங்க மூணு பாய் விரிக்க இடம் இருக்கா?"

குற்றாலிங்கம் தலையைத் தூக்கி ஹாலை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் அளந்து பார்த்தார்.

"தாராளமா இருக்கு சாமி."

"அப்பம் நீரு படுத்திருக்கிற இடத்துக்கு நேர் மேல ஒரு கொக்கி வைக்கச் சொல்லும்."

"இங்க வந்து படுத்தும் அவன் மேலயே பாத்துக்கிட்டு கெடந்தா?"

"நீரும் சேந்து பாரும்."

"அவன் ரூமுக்கு?"

"அதுக்கு வேண்டாம். அதான் அப்பனும் மவனும் ஒரே பேச்சா வேண்டாம்னுட்டீங்களே."

ஆனால் குற்றாலிங்கத்தைப் பயம் சும்மா விடுமா? எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வயசுப் பையன் சாமி. ஹாலுக்கு வர மாட்டேன்னுட்டான்னா? கதவைச் சாத்திக்கிட்டு அந்த ரூம்லயேதான் படுப்பேன்னு நின்னான்னா நான் என்ன செய்ய?"

"பாயைத் தூக்கிக்கிட்டு நீரு உள்ள போம்."

"அங்கதான் ஃபேன் இல்லையே சாமி?"

"வேர்க்கும்," என்றார் வாய்க்கால்சாமி. "ரெண்டு பேருக்கும் சேந்து வேர்க்கட்டும்."